சிந்தனைப் பயிற்சி கொடுத்தால் பிள்ளை சாப்பிடுமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிப் பக்கம் ஊர். மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். உயரம் 158 சென்டிமீட்டர், பத்து மாதத்துக்கு முன் 51 கிலோ இருந்தவள் இப்போது 38. ஒரு இட்லியை முக்கால் மணி நேரம் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், சாதத்தை ஸ்பூன் எண்ணிப் போட்டுக்கொள்கிறாள், கேட்டால் "வயிறு உப்பினாப்புல இருக்கும்மா, பசிக்கல" என்கிறாள். காலையில் வாசலில் கோலம் போட ஒன்றரை மணி நேரம், ஒரு புள்ளி தள்ளிப்போனாலும் அழித்துவிட்டு முதலிலிருந்து. நீங்கள் பார்த்த மனநல மருத்துவர், சிந்தனைத் திறனுக்கும் உணர்ச்சித் திறனுக்கும் எட்டு, பத்து தடவை வந்து செய்கிற பயிற்சி ஒன்று இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். புதிர், படம், கோடு என்று சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறதே, இதனால் எப்படிச் சாப்பிடுவாள் என்று கேட்கிறீர்கள். கணவர் உரக்கடை வைத்திருக்கிறார், 108 கிலோ, ராத்திரி கடையை மூடி வந்து அடக்க முடியாமல் சாப்பிடுகிறார், அவருக்கும் இது சரிப்பட்டு வருமா என்பது அடுத்த கேள்வி. இரண்டுக்கும் நடுவில் "எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை, அவ்வளவு அழுத்தக்காரி" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உங்கள் உண்மையான கேள்வியாகப் பட்டது. இது அடமா, நோயா, நான் எங்கே தவறினேன் என்று கேட்கிறீர்கள்.

நான் கும்பகோணத்தில் 18 வருஷமாக மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். மருந்து எழுதும் டாக்டர் இல்லை. உங்கள் பெண்ணை நான் பார்த்ததில்லை, அதனால் அவளுக்கு இன்ன நோய் என்று இங்கே சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் இதே மாதிரிப் பிள்ளைகளும் உங்கள் கணவர் மாதிரிப் பெரியவர்களும் திருவாரூர், மயிலாடுதுறை, பாபநாசம், பட்டுக்கோட்டை என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டதைச் சொல்ல முடியும்.

பயிற்சியைப் பற்றிப் பேசும் முன் உடம்பைப் பற்றி ஒன்று, ஏனென்றால் இது மட்டும் காத்திருக்காது. 158 சென்டிமீட்டருக்கு 38 கிலோ என்றால் உடல் நிறை எண் 15 சொச்சம். பத்து மாதத்தில் உடம்பில் கால் பங்கு போயிருக்கிறது. இந்த வாரமே ஒரு பொது மருத்துவரிடமோ குழந்தைகள் மருத்துவரிடமோ காட்டி, படுத்திருக்கும்போதும் எழுந்து நிற்கும்போதும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள், இ.சி.ஜி. எடுங்கள், ரத்தத்தில் சர்க்கரை, பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பரஸ் பாருங்கள். சும்மா இருக்கும்போதே நாடி நிமிஷத்துக்கு 50-க்குக் கீழே போனாலோ, எழுந்தால் மயங்கி விழுந்தாலோ, மாடிப்படி ஏற முடியாமல் கால் துவண்டாலோ, சாப்பிட்டதை வாந்தி எடுத்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் வரை வேண்டாம். இன்னொன்று, ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மல் என்று வந்தால் பயம் விட்டது என்று நினைக்காதீர்கள், சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி உடம்பு கரைகிற அனோரெக்சியா என்ற நோயில் கடைசிவரை ரிப்போர்ட் நார்மலாகவே வருவதும் உண்டு. சேர்த்துவைத்த பாசத்தில் ஒரே நாளில் பாலும் நெய்யும் கறியுமாகக் கொடுக்கவும் கூடாது. நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பரஸ் சரசரவென்று இறங்கி இதயத்தையே பாதிக்கும். வறண்டு கிடந்த வாய்க்காலில் மதகை முழுக்கத் திறந்தால் கரை உடையும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறக்க வேண்டும், எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

சரி, அடமா நோயா. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் பாதி வயிற்றுக்குத்தான் சாப்பாடு போட்டார். அவர்கள் தாங்களாகவே முன்வந்தவர்கள். யாருக்கும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை கிடையாது, முன்பு மனநோயும் கிடையாது. எடையில் கால் பங்கு குறைந்தபோது என்ன ஆயிற்று தெரியுமா? நாள் முழுக்க சாப்பாட்டு நினைவு, சமையல் குறிப்பு சேர்ப்பது, ஒரு தட்டு உணவை மணிக்கணக்கில் கிளறிக் கிளறிச் சாப்பிடுவது, எரிச்சல், யாரோடும் பேசாமல் ஒதுங்குவது, எதிலும் மனசு ஒன்றாமல் போவது. உங்கள் பெண் இட்லியைப் பிய்க்கிறாளே, அதில் பெரும்பங்கு பட்டினியின் வேலை. பட்டினி மூளையை இறுக்குகிறது, இறுகிய மூளை பட்டினியைத் தொடர்கிறது. எதனால் தொடங்கியது என்பதில் பரம்பரை, சுபாவம், பதற்றம், சுற்றியிருப்பவர்களின் பேச்சு என்று பலதும் கலந்திருக்கும். வளர்ப்புத் தவறால் மட்டும் இது வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. அதனால் உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்ள வேண்டாம். அவளையும் நிறுத்த வேண்டாம்.

இப்போது அந்தப் பயிற்சி. நான் வீட்டாருக்கு இதை மடையை வைத்துத்தான் விளக்குவது. ஒரு வயலுக்குத் தண்ணீர் பாய்ந்து முடிந்ததும் மடையை அடைத்து அடுத்த வயலுக்குத் திருப்புகிறோம். மனசும் ஒரு யோசனையிலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கு அப்படித் திரும்ப வேண்டும். அனோரெக்சியா உள்ள பலருக்கு இந்த மடைமாற்றம் கடினமாக இருக்கிறது. "ராத்திரி ஏழு மணிக்கு மேல் சாப்பிடக் கூடாது" என்று மனசுக்குள் ஒரு விதி விழுந்துவிட்டால், அக்கா கல்யாணமாக இருந்தாலும், மயக்கம் வந்தாலும், டாக்டரே சொன்னாலும் தண்ணீர் அந்த ஒரே வயலில்தான் பாய்கிறது. வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு அது அழுத்தமாகத் தெரிகிறது.

இரண்டாவது, முழுமையை விட்டுவிட்டுத் துணுக்கைப் பார்ப்பது. ரே படம் என்று ஒரு சோதனை, 1941-இல் வந்தது. சதுரம், கோடு, வட்டம், முக்கோணம் எல்லாம் கலந்த சிக்கலான ஒரு வரைபடத்தைக் கொடுத்து, பார்த்து வரையச் சொல்வோம். பெரும்பாலானோர் முதலில் பெரிய செவ்வகத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே நிரப்புவார்கள். அனோரெக்சியா உள்ளவர்களில் பலர் ஒரு மூலையில் இருக்கும் சின்னக் கோட்டில் தொடங்கி, துண்டு துண்டாக, அழகாக, மிகச் சரியாக வரைந்துகொண்டே போவார்கள், கடைசியில் மொத்தப் படம் கோணியிருக்கும். புள்ளியில் மாட்டிக்கொண்டு கோலத்தைத் தவறவிடுகிற மாதிரி. தட்டில் இருக்கிற எண்ணெயின் பளபளப்பு தெரிகிறது, தன் உடம்பு கரைவது தெரிவதில்லை. இந்தச் சுபாவம் குறையே என்று நான் சொல்ல மாட்டேன், இவர்களில் பலர் படிப்பில் முதல் வரிசை, கைவேலையில் கெட்டி. அந்தக் கூர்மை எல்லா நேரமும் ஒரே இடத்தில் குத்தி நிற்பதுதான் சிக்கல். சில பெண்களுக்கு இதற்குப் பின்னால் இதுவரை யாரும் கவனிக்காத ஆட்டிசக் கூறுகள் இருப்பதும் உண்டு, அப்படி இருந்தால் சிகிச்சையைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் மருத்துவரிடம் அதையும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

இந்தச் சிந்தனைப் பயிற்சி முதலில் மூளைக்காயம் பட்டவர்களுக்கும் பிறகு ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கும் உருவானது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் கேட் சாந்தூரியா என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் 2000-களின் நடுவில் அதை அனோரெக்சியாவுக்கு மாற்றி அமைத்தார்கள், பின்னர் உணர்ச்சித் திறனையும் சேர்த்து க்ரெஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். தனியாக எட்டு, பத்து தடவை, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் போல. குழுவாகவும் செய்கிறார்கள். இதில் சாப்பாட்டைப் பற்றியும் எடையைப் பற்றியும் பேச்சே எடுப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். எதை யோசிக்கிறாய் என்ற விவாதத்துக்குள் போவதில்லை, எப்படி யோசிக்கிறாய் என்பதை மட்டும் பிள்ளையோடு சேர்ந்து கவனிக்கிறோம்.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு வடிவத்தை அவள் பார்த்து விவரிக்க, நான் அதைப் பார்க்காமலே வரைவேன். முதல் தடவை என் படம் கன்னாபின்னாவென்று வரும், ஏனென்றால் அவள் "மேலே இடது பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் கோடு" என்று தொடங்கியிருப்பாள். "ஒரு பெரிய வீடு மாதிரி இருக்கு, அதுக்குள்ள..." என்று தொடங்கியிருக்கலாமோ என்று அவளே கொஞ்ச நேரத்தில் கண்டுபிடிப்பாள். ஒரு பக்கக் கடிதத்தைப் படித்துவிட்டு அதற்கு ஒரு வரியில் தலைப்பு கொடுக்க வேண்டும். நீலம் என்ற சொல்லைச் சிவப்பு மையில் எழுதிவைத்து, ஒருமுறை சொல்லைப் படி, ஒருமுறை மையின் நிறத்தைச் சொல் என்று மாற்றி மாற்றிக் கேட்போம். ஒரு கோட்டின் நடுப்புள்ளியை ஸ்கேல் இல்லாமல் குத்துமதிப்பாகக் குறிக்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் என் எதிரில் உட்கார்ந்து கோட்டைப் பார்த்தபடியே அழுத பிள்ளைகள் உண்டு, ஒரு மில்லிமீட்டர் தப்பினால் என்ன ஆகும் என்ற பயம் அவ்வளவு. ஒன்றும் ஆகவில்லை என்பதை அங்கேதான் முதல் தடவை பார்க்கிறாள். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும், இப்போது எப்படிச் செய்தாய், வேறு எப்படிச் செய்திருக்கலாம், இந்தப் பழக்கம் வீட்டில் எங்கெல்லாம் வருகிறது என்று கேட்போம். என் அனுபவத்தில் மருந்து அந்தப் பேச்சில்தான் இருக்கிறது, புதிர் ஒரு சாக்கு. அதனால்தான் இதற்கு ஆப் இருக்கிறது, இறக்கிக் கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் காசு கட்டாதீர்கள். தனியாகப் புதிர் போட்டால் புதிர் போடுவதில்தான் தேர்ச்சி வரும், தட்டு வரைக்கும் அது வந்து சேராது.

வீட்டுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தனுப்புவோம். எப்போதும் உட்காரும் இடத்தை மாற்றி உட்கார், வாட்ச்சை மற்ற கையில் கட்டு, ஒரு நோட்டில் அடித்தல் திருத்தலோடு ஒரு பக்கம் எழுதி அப்படியே விடு. தினமும் தஞ்சாவூருக்கு கல்லூரி போய்வந்த ஒரு பெண்ணுக்கு, பாபநாசம் வழியாகவே போகிறவளுக்கு, ஒரு நாள் சுவாமிமலை, கபிஸ்தலம், திருவையாறு வழியாகப் போய்ப் பார் என்றேன். மூன்று வாரம் முடியவில்லை. நாலாவது வாரம் போனாள். வந்து சொன்னது, "மேடம், ஆத்தங்கரை ஓரமாவே போகுது, எனக்குத் தெரியவே தெரியாது." சாப்பாட்டில் முதல் விதியை அவள் தளர்த்தியது அதற்கு இரண்டு மாதம் கழித்து, அதுவும் பயிற்சியால் மட்டும் நடந்ததில்லை, கூடவே எடையைக் கவனிக்கும் மருத்துவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிய ஒரு அம்மாவும் இருந்தார்கள். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

உணர்ச்சித் திறனுக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நம் வீடுகளில் மிகவும் காய்ந்து கிடப்பது இந்தப் பக்கம்தான். அனோரெக்சியா உள்ள பலருக்குத் தனக்குள் என்ன நடக்கிறது என்று பெயர் சொல்ல முடிவதில்லை. "எப்படி இருக்கே?" என்றால் "ஒரு மாதிரி இருக்கு". அந்த ஒரு மாதிரிக்குள் கோபம் இருக்கலாம், அவமானம் இருக்கலாம், தோழி பேசாமல் போன ஏக்கம் இருக்கலாம், எல்லாம் ஒன்றாகத் திரண்டு வயிறு உப்புசமாக வெளியே வருகிறது. 1990-களில் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் இதைத்தான் கவனித்தார், அங்கே அனோரெக்சியா உள்ள பலர் குண்டாகிவிடுவேன் என்ற பயத்தைச் சொல்லவில்லை, வயிறு நிறைந்திருக்கிறது, பசியில்லை என்றே சொன்னார்கள். என்னிடம் வருகிற பிள்ளைகளிலும் கணிசமானவர்கள் கேஸ் டிரபிள் என்று நாலைந்து இடத்தில் காட்டி, எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்த பிறகுதான் வருகிறார்கள். ஒல்லியாக வேண்டும் என்று அவள் வாயால் சொல்லவில்லை, அதனால் இந்த நோய் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பயிற்சியில் முதல் வேலை சொற்களைச் சேர்ப்பது. நான் தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளை ஒரு அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடத்தில் கேட்ட சொல்லாக இருப்பதால் கூச்சமில்லாமல் பேச வருகிறது. இந்த வாரம் எது வந்தது, உடம்பில் எந்த இடத்தில் தெரிந்தது, அது உன்னிடம் என்ன கேட்டது? பெரும்பாலும் விரல் போய் நிற்பது இளிவரலில், தன்னைத் தானே இழிவாக நினைக்கிற அந்த இடத்தில். அப்புறம் முகத்தைப் படிப்பது. எதிரில் இருப்பவர் சும்மா இருந்தாலே கோபமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிற பழக்கம் பலருக்கு உண்டு. அப்புறம் சொல்லிப் பழகுவது, "நீ அப்படிச் சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்று ஒரே ஒரு வாக்கியம். உவகைக்கும் தனியாக நேரம் ஒதுக்குகிறோம், நல்லதைக் கவனிக்கவும் பழக்கம் வேண்டும், பட்டினி கிடக்கும் மனசுக்கு அதுவும் மரத்துப்போயிருக்கும்.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்வது என் கடமை. இந்தச் சிந்தனைச் சுபாவங்கள் அனோரெக்சியாவில் அதிகம் தென்படுகின்றன என்பது நன்றாகவே காட்டப்பட்டிருக்கிறது. இந்தப் பயிற்சியைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள், பாதியில் ஓடுவது குறைகிறது என்பதற்கும் சில ஆய்வுகளில் ஆதாரம் உண்டு. 2013-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 46 பேரை இரண்டாகப் பிரித்து, முதல் எட்டு அமர்வு ஒரு பாதிக்கு இந்தப் பயிற்சியும் மறுபாதிக்கு வழக்கமான சிந்தனை-நடத்தைச் சிகிச்சையும் கொடுத்தார்கள். அந்தக் கட்டத்தில் விட்டுப்போனவர்கள் பயிற்சி பெற்றவர்களில் 13 சதவீதம், மறுபாதியில் 33 சதவீதம். 2014-இல் நெதர்லாந்தில் 82 பேரிடம் செய்த ஆய்வில் வழக்கமான சிகிச்சையோடு இதையும் சேர்த்தவர்களுக்கு நோய்க்குறிகளும் அன்றாட வாழ்க்கையும் கூடுதலாகத் தேறின. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்து 2020-இல் பார்த்தபோது, மற்றச் சிகிச்சையை விட இது மடைமாற்றத்தைக்கூடத் தனியாக மேம்படுத்துகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எடையைக் கூட்டுகிறது என்றும் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று வழிகாட்டும் நைஸ் என்ற அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி அனோரெக்சியாவுக்குப் பரிந்துரைக்கும் முதன்மைச் சிகிச்சைகளில் இது இல்லை. ஆகவே இதனால் மட்டும் உங்கள் பெண் சாப்பிட்டுவிடுவாள் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். பிறகு ஏன் நான் செய்கிறேன்? யாரிடமும் பேசாத, எடை என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிற பிள்ளை, கோட்டின் நடுப்புள்ளியைக் குறிக்க உட்காருகிறாள். மற்றச் சிகிச்சைக்கு அதுவே வாசல் திறந்த மாதிரி.

அவளுடைய 17 வயதுக்கு முதலில் கேட்க வேண்டியது குடும்பம் வழியான சிகிச்சையை. சாப்பாட்டுப் பொறுப்பைக் கொஞ்ச காலத்துக்குப் பெற்றோர் எடுத்துக்கொண்டு, எடை ஏறிய பிறகு படிப்படியாக அவள் கையில் திருப்பிக் கொடுப்பது அதன் முறை. 2010-இல் 121 வளரிளம் பருவத்தினரிடம் செய்த ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து முழுமையாகத் தேறியிருந்தவர்கள் குடும்பச் சிகிச்சையில் 49 சதவீதம், தனியாள் சிகிச்சையில் 23 சதவீதம். சிந்தனைப் பயிற்சியை இதன் பக்கத்தில் துணையாக வையுங்கள், இதற்குப் பதிலாக வேண்டாம். நடைமுறையில் என்ன என்றால், மூன்று வேளையும் இடையில் இரண்டு முறையும் யாராவது பெரியவர் பக்கத்தில் உட்கார வேண்டும், கத்தாமல், கெஞ்சாமல், கலோரி பேசாமல். "அவ சாப்பிட்டா நானும் சாப்பிடுவேன்" என்று நீங்கள் பட்டினி கிடக்கவும் வேண்டாம். பாட்டி வெள்ளிக்கிழமை விரதத்தைப் பாராட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். நோயில் கிடக்கிறவளுக்கு விரதம் கிடையாது என்பதைப் பாட்டியின் வாயாலேயே சொல்ல வையுங்கள், அம்மா சொல்வதை விட அது எடுபடும். உறவுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், "என்னடி இப்படி இளைச்சுட்டே" என்பதும் வேண்டாம், "இப்பதான் முகத்துல களை வந்துருக்கு, நல்லா சதை போட்டுருக்கே" என்பதும் வேண்டாம். இரண்டாவது இன்னும் ஆபத்து, தேறிவருகிற பிள்ளையை ஒரே வாக்கியத்தில் ஒரு மாதம் பின்னால் தள்ளிவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணவர் விஷயம். அவரை அழைத்துப் பேசாமல் இவ்வளவுதான் சொல்ல முடியும், பகலில் சரியாகச் சாப்பிடாமல் ராத்திரி கட்டுப்பாடு போய்ச் சாப்பிடுவது, பிறகு வெட்கப்பட்டு மறுநாள் காலையை விட்டுவிடுவது, இந்தச் சுற்று வாரத்துக்கு ஒருமுறையாவது மூன்று மாதம் தொடர்ந்தால் அதற்கு பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர் என்று தனிப் பெயரே இருக்கிறது, 2013-இலிருந்து அமெரிக்க மனநலக் கையேட்டில் அது தனி நோய். மன உறுதி இல்லை என்று சொல்லிச் சொல்லி அதை யாரும் தீர்த்ததில்லை. நான் பார்க்கிற உரக்கடை, அரிசி மில், கமிஷன் மண்டிக்காரர்கள் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே கதை. கடனுக்குச் சரக்கைக் கொடுத்துவிட்டு அறுப்பு வரைக்கும் வயிற்றில் நெருப்போடு இருப்பது, மேட்டூர் திறக்கத் தாமதமானால் வசூலும் தாமதம், மத்தியானம் கல்லாவை விட்டு எழ முடியாமல் டீயும் வடையும், ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா. பதற்றம் என்று சொல்லத் தெரியாது, பசி என்றுதான் தெரியும்.

அவருக்கு இந்தப் பயிற்சி உதவுமா என்றால், கொஞ்சம் நம்பிக்கை தருகிற ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உடல்பருமன் உள்ள 80 பேருக்கு எடைக் குறைப்புப் பற்றி மூன்று குழு வகுப்பு நடத்திவிட்டு, பாதிப் பேருக்கு மட்டும் எட்டு அமர்வு சிந்தனைப் பயிற்சி கொடுத்தார்கள். 2018-இல் வெளியானது. பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்து எடையில் 5 சதவீதமாவது குறைந்திருந்தவர்கள் பயிற்சி பெற்றவர்களில் 68 சதவீதம், பெறாதவர்களில் 15 சதவீதம். உங்கள் கணவருக்கு 5 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோ, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அதுவே பெரிய வித்தியாசம். ஆனால் இது ஒரு சின்ன ஆய்வு. பெரிய அளவில் பலர் திரும்பச் செய்து இதே முடிவு வந்தால்தான் உறுதி என்பேன். பருமன் உள்ளவர்களுக்கு மடைமாற்றமும் உந்துதலை அடக்கும் திறனும் குறைவாக இருப்பது சில சோதனைகளில் தெரிகிறது, ஆனால் அது காரணமா விளைவா என்பது இன்னும் தீரவில்லை. குறட்டை அதிகம் விட்டு, பகலில் கல்லாவிலேயே தூங்கிவிழுகிறார் என்றால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று முதலில் பாருங்கள், அதுவே சிந்தனையை மந்தமாக்கி எடையையும் ஏற்றும். தைராய்டு, சர்க்கரை பார்க்க வேண்டும், இடுப்புச் சுற்றளவு அளக்க வேண்டும், நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேல் போனால் எச்சரிக்கை. வேறு நோய்க்கு எடுக்கிற மாத்திரை எடையை ஏற்றுகிறதா என்றும் கேளுங்கள்.

அவர் நாளைக்கே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. மத்தியானச் சாப்பாட்டைக் கடைக்குக் கொண்டுபோய் ஒரு மணிக்குள் சாப்பிட வேண்டும், பசித்தாலும் பசிக்காவிட்டாலும். ராத்திரி அடக்குவதை விட மத்தியானம் சாப்பிடுவது சுலபம். அதோடு, "ஷட்டரைப் பூட்டினதும் தெருமுனை பரோட்டா கடை வழியா வராம, குளத்தங்கரை வழியா வருவேன்" என்று இடத்தையும் நேரத்தையும் சேர்த்து முன்கூட்டியே ஒரு வாக்கியமாகத் தீர்மானிப்பது. இன்றைக்குக் கட்டுப்பாடாக இருப்பேன் என்ற பொதுவான உறுதியை விட இந்த மாதிரித் திட்டம் வேலை செய்கிறது என்பது பல ஆய்வுகளில் நிலைத்திருக்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அப்பா வீட்டில் டயட் தொடங்குவது மகளுக்குத் தெரிகிற மாதிரி நடக்கக் கூடாது. எடை மிஷினைக் கடையில் வைத்துக்கொள்ளட்டும். எடைக்குறைப்பு மாத்திரை, பவுடர் எதுவும் வீட்டுக்குள் வேண்டாம். ஒரே சாப்பாட்டு மேஜையில் ஒருவருக்குக் கூட்ட வேண்டும், ஒருவருக்குக் குறைக்க வேண்டும் என்பது உங்கள் தலையில் விழுந்திருக்கிற பாரம், நான் அதை லேசாக நினைக்கவில்லை. அந்த மேஜையில் அளவு பற்றிய பேச்சு மட்டும் இருவருக்குமே வேண்டாம், நேரம் தவறாமல் உட்கார்ந்தால் போதும்.

யாரிடம் போவது என்று கேட்டிருந்தீர்கள். மனநல மருத்துவர் ஏற்கெனவே இருக்கிறார், நல்லது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு, சேர்க்க வேண்டிய நிலை வந்தால் உடம்பையும் மனசையும் ஒரே வளாகத்தில் பார்க்கலாம். பயிற்சி கொடுப்பவர் மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) பதிவு எண் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. உணவுக் கோளாறு உள்ளவர்களை முன்பு பார்த்திருக்கிறாரா, எடையை யார் கண்காணிப்பார், அவரும் மருத்துவரும் பேசிக்கொள்வார்களா, இந்த மூன்றையும் கேளுங்கள். ராத்திரியில் உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

கடைசியாகக் கோலம். காலையில் அதைத் தடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு, நாடியும் ரத்த அழுத்தமும் சரி என்று மருத்துவர் சொல்லும்வரை, பனியில் ஒன்றரை மணி நேரம் குனிந்து நிற்க வேண்டாம், உடம்பு தாங்காது, அதைக் காரணமாகவே சொல்லுங்கள். உள்ளே நோட்டில் உட்கார்ந்து போடட்டும். உடம்பு கொஞ்சம் தேறி வாசலுக்குத் திரும்பும்போது, தம்பி இருக்கிறான் என்று எழுதியிருந்தீர்களே, பாதிக் கோலத்தை அவன் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அவன் இழுக்கிற கோடு நிச்சயம் கோணும். அதை அழிக்காமல் அவள் எவ்வளவு நேரம் விட்டுவைக்கிறாள் என்று மட்டும் பாருங்கள், ஒன்றும் சொல்லாமல். முதல் நாள் ஐந்து நிமிஷம் விட்டுவைத்தாலும் அந்த ஐந்து நிமிஷத்தை எழுதிவைத்து, அடுத்த தடவை போகும்போது பயிற்சி கொடுப்பவரிடம் சொல்லுங்கள்.